மோன் மக்களும் அவர்கள் இழந்த நாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மா பற்றிய செய்திகளில் ரோஹிங்கியா, கரேன், கச்சின் என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். மோன் என்ற பெயர் அபூர்வமாகத்தான் வரும். பர்மியர்களுக்கு எழுத்தும் தேரவாத பௌத்தமும் கொடுத்தவர்கள் என்று வரலாற்று நூல்கள் போற்றும் மக்களுக்கு இந்த நிலைமை. அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மோன்கள் யார்? எங்கே வாழ்கிறார்கள்?

தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய மக்களில் ஒருவர். பர்மாவின் தென்கிழக்கில், சால்வின் ஆறு கடலில் கலக்கும் பகுதியிலிருந்து தெற்கே யே நகரம் வரை நீளும் கரையோரம்தான் இன்று அவர்களின் முக்கிய வாழிடம். அங்கே உள்ள மோன் மாநிலத்தின் தலைநகர் மௌலமைன். நம் பெரியவர்கள் அதை மோல்மீன் என்பார்கள். பக்கத்துக் கரேன் மாநிலத்திலும், பெகு, தெனாசெரிம் பகுதிகளிலும் மோன் ஊர்கள் உண்டு. எல்லை தாண்டித் தாய்லாந்திலும் இருக்கிறார்கள்.

சுமார் 10 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரிடமும் இனம் கேட்டார்கள், ஆனால் இனவாரியான முடிவை அரசு வெளியிடவில்லை. மோன் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் பர்மியரும் கரேன்களும் இந்திய வம்சாவளியினரும் அடக்கம்.

பர்மியர்களில் ஒரு பிரிவுதானே இவர்கள்?

இல்லை. பர்மிய மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மோன் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். கம்போடியாவின் கெமர் மொழி இதற்கு உறவு. இந்தியாவின் சந்தாலியும் காசியும்கூட இதே குடும்பத்தில்தான் வருகின்றன.

ஆனால் இந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. மதம் ஒன்று, உடை ஏறக்குறைய ஒன்று, நூற்றாண்டுக் கணக்கில் கலப்புத் திருமணம். ரங்கூனில் ஒரு மோன் குடும்பத்தையும் பர்மியக் குடும்பத்தையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் சொல்வது கடினம். "நாம் எல்லோரும் ஒன்றுதானே" என்று ஆட்சியில் இருப்பவர்கள் சொல்வதற்கு இதுவே வசதியாகிவிட்டது. மோன்களின் சிக்கலே இதில்தான் இருக்கிறது. வெறுத்து விரட்டியவர்களைவிட, சொந்தம் கொண்டாடி விழுங்கியவர்களால்தான் அவர்கள் அதிகம் இழந்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அவர்களுக்கென்று நாடு இருந்ததா?

ஒன்றல்ல, பல இருந்தன.

இன்றைய மத்தியத் தாய்லாந்தில் 6ஆம் நூற்றாண்டிலிருந்து தழைத்த துவாரவதிப் பண்பாடு மோன்களுடையது. நகோன் பதோமில் கிடைத்த தர்மச் சக்கரங்களும் மோன் கல்வெட்டுகளும் அதற்குச் சாட்சி. வடக்கே இன்றைய லம்பூனில் ஹரிபுஞ்சயம் என்ற மோன் அரசு இருந்தது. அதன் முதல் அரசி சாமாதேவி என்று மரபு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மங்ராய் என்ற தாய் இன மன்னர் அதைப் பிடித்துக்கொண்டார்.

பர்மா பக்கம், கீழ்ப்பகுதி முழுவதற்கும் ராமஞ்ஞதேசம் என்று பெயர். இலங்கையின் பாலி வரலாற்று நூல்களும் அந்தப் பெயரில்தான் அதைக் குறிப்பிடுகின்றன. 1287இல் வாரேரு என்பவர் மர்த்தபானில் அரசு அமைத்தார். 1369இல் தலைநகர் பெகுவுக்கு மாறியது. அந்த நாட்டின் பெயர் ஹம்சாவதி. ஒரு சிறு பாறையில் இடம் போதாமல் ஆண் அன்னத்தின் முதுகில் பெண் அன்னம் நின்றதைப் புத்தர் பார்த்து, இங்கே ஒரு பெருநகரம் வரும் என்று சொன்னதாக ஐதீகம். மோன் கொடியில் இன்றைக்கும் பறப்பது அந்த அன்னம்தான்.

ஹம்சாவதியின் பொற்காலம் 15ஆம் நூற்றாண்டு. ராஜாதிராட் என்ற மன்னர் வடக்கே பர்மியர்களின் ஆவா அரசோடு ஏறக்குறைய 40 ஆண்டு போர் நடத்தித் தன் நாட்டைக் காப்பாற்றினார். அவருடைய மகள் ஷின் சாபு. ஆவா அரண்மனையில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு மோன் பிக்குகளின் துணையோடு அங்கிருந்து தப்பிவந்து, பின்னாளில் தானே அரியணை ஏறினார். தன் எடைக்கு எடை பொன் கொடுத்து ஷ்வேடகன் கோபுரத்துக்குத் தகடு வேய்ந்தவர் இவர்தான். இன்று ரங்கூனில் மின்னும் அந்தக் கோபுரத்தைப் பர்மாவின் சின்னமாக உலகம் பார்க்கிறது. அதில் ஒரு மோன் அரசியின் கை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவரைத் தப்பவைத்த பிக்குகளில் ஒருவரே காவியைக் களைந்துவிட்டு அவருக்கு அடுத்து மன்னரானார். அவர் பெயர் தம்மசேதி. 1476இல் இவர் 22 மூத்த பிக்குகளையும் அவர்களுடைய சீடர்களையும் இரண்டு கப்பல்களில் இலங்கைக்கு அனுப்பி, களனி ஆற்றில் முறைப்படி உபசம்பதை, அதாவது பிக்குவாகும் முழுத் தீட்சை, பெற்றுவரச் செய்தார். அதையெல்லாம் பெகுவில் பத்துக் கற்பலகைகளில் பாலியிலும் மோனிலும் வெட்டிவைத்தார். கல்யாணிக் கல்வெட்டுகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள்.

1539இல் பர்மிய மன்னர் தபின்ஷ்வேதி பெகுவைப் பிடித்தார்.

தாட்டோனிலிருந்து மோன் அரசரைப் பிடித்துப் போனார்கள் என்பது உண்மையா?

பர்மிய வரலாறு இப்படிச் சொல்கிறது: 1057இல் மேல்பர்மாவின் பாகன் நகரிலிருந்து ஆண்ட பர்மிய மன்னர் அனவ்ரதா, இன்றைய மோன் மாநிலத்திலுள்ள தாட்டோன் மீது படையெடுத்து, அரசர் மனுஹாவையும் 30,000 பேரையும் திரிபிடகச் சுவடிகளையும் பாகனுக்குக் கொண்டுபோனார். இந்தக் கதை நடந்தபடிதான் எழுதப்பட்டதா என்று மைக்கேல் ஆங்-த்வின் என்ற வரலாற்றாசிரியர் 2005இல் கடுமையாகக் கேள்வி எழுப்பினார். அந்தக் காலத்தில் தாட்டோனில் அப்படியொரு பெரிய மோன் அரசு இருந்ததற்குச் சமகாலக் கல்வெட்டு இல்லை என்பது அவர் வாதம். மற்ற அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

எனக்கு அந்தச் சண்டையைவிட முக்கியமாகப் படுவது வேறு. பாகனில் கியான்சித்தா மன்னர் தன் கல்வெட்டுகளை மோன் மொழியில் எழுதினார். ராஜகுமாரன் என்ற பெயருடைய அவர் மகன் 1113 வாக்கில் நிறுவிய மியசேதிக் கல்வெட்டில் பாலி, பியூ, மோன், பர்மியம் என்று நான்கு மொழிகளும் ஒரே தூணின் நான்கு முகங்களில் இருக்கின்றன. வென்றவர்களின் அரசவையில் மோன் மொழிக்கு இருந்த மதிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாகன் போகிறவர்கள் மனுஹா கோயிலைப் பார்க்காமல் வராதீர்கள். உள்ளே பிரம்மாண்டமான புத்தர் சிலைகள், ஆனால் அறைகளோ இடுக்கு. தோள் சுவரில் முட்டும், தலை கூரையைத் தொடும். சிறைப்பட்ட அரசர் தன் மூச்சுத் திணறலைத்தான் இப்படிக் கட்டிவைத்தார் என்று அங்கே சொல்வார்கள். கோயிலைக் கட்டியது அவர்தானா என்பதும் மரபுவழிச் செய்திதான். ஆனாலும் அந்த இடுக்கில் நிற்கும்போது அப்படித்தான் நம்பத் தோன்றும்.

நாட்டை எப்போது முழுமையாக இழந்தார்கள்?

1757இல்.

அதற்கு முன் ஒரு எழுச்சி நடந்தது. 1740இல் பெகுவில் மோன்கள் கிளர்ந்தெழுந்து ஹம்சாவதியை மீண்டும் நிறுவினார்கள். 1752இல் ஆவாவையே பிடித்து, அங்கிருந்து ஆண்ட பர்மியர்களின் தவுங்கூ அரச வம்சத்துக்கு முடிவு கட்டினார்கள். ஆனால் அதே ஆண்டு வடக்கே ஒரு கிராமத் தலைவர் பணிய மறுத்துப் படை திரட்டினார். அவர்தான் அலாங்பாயா. 1755இல் மோன்களின் டகோனைப் பிடித்து அதற்கு யாங்கோன் என்று பெயர் சூட்டினார். நாம் ரங்கூன் என்பது அதைத்தான். 1757 மே மாதம் பெகு விழுந்தது. நகரம் எரிந்தது, அரசர் பின்யா தலா சிறைப்பட்டார். பிக்குகளையும் விட்டுவைக்கவில்லை என்று மோன் மரபு துயரத்தோடு சொல்கிறது.

அப்புறம் ஓட்டம்தான். அதற்கு முன்னும் பின்னும் பல அலைகளாக மோன்கள் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, குடிபெயர்ந்தார்கள். 1774இல் ஒரு கிளர்ச்சி தோற்று ஒரு கூட்டம், 1815 வாக்கில் இன்னொரு பெருங்கூட்டம். காலியான வயல்களிலும் ஊர்களிலும் பர்மியர்கள் குடியேறினார்கள்.

பிரிட்டிஷார் வந்தபிறகு நிலைமை மாறியதா?

பர்மிய அரசுக்கு எதிரான 1824 போரின்போது மோன்களின் ஆதரவைப் பெற, அவர்களுடைய பழைய அரசை மீட்டுத்தரலாம் என்ற ஆசையைப் பிரிட்டிஷார் காட்டினார்கள். போர் முடிந்ததும் அந்தப் பேச்சு போய்விட்டது. மௌலமைன் மட்டும் 1827 முதல் 1852 வரை பிரிட்டிஷ் பர்மாவின் தலைநகராக இருந்தது.

உண்மையான மாற்றம் 1852க்குப் பிறகு வந்தது. கீழ்பர்மா முழுவதும் பிரிட்டிஷ் கைக்குப் போனதும் ஐராவதிக் கழிமுகத்தை நெல் ஏற்றுமதிக்காகத் திருத்தினார்கள். மேல்பர்மாவிலிருந்து பர்மியக் குடியானவர்கள் லட்சக்கணக்கில் இறங்கினார்கள். நீதிமன்றம், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் பர்மிய மொழியில் நடந்தன. தாத்தா மோன் பேசினார், அப்பா இரண்டும் பேசினார், பிள்ளை பர்மியம் மட்டும் பேசியது. வாளால் முடியாததைச் சந்தை முடித்தது என்றே சொல்லலாம்.

இங்கே நம்மவர்களும் வருகிறார்கள். அந்த நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து கடன்கள் மூழ்கின. 1937-38 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் பெயருக்கு வந்திருந்தது. அந்த மாவட்டங்களில் பல ஒருகாலத்து ராமஞ்ஞதேசத்தின் மண்.

1947 பாங்லாங் ஒப்பந்தத்தில் மோன்களுக்கு என்ன கிடைத்தது?

ஒன்றும் இல்லை. 1947 பிப்ரவரி 12இல் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் அதில் கையெழுத்திட்டார். அது எல்லைப்புற மலைப்பகுதிகளுக்கான ஏற்பாடு. மோன்கள் வாழ்ந்தது பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட சமவெளியில், ஆகவே அவர்கள் பேச்சிலேயே இல்லை. அந்த ஆண்டு எழுதிய அரசியல் சட்டத்திலும் மோன் என்றொரு மாநிலம் கிடையாது. 1939இல் தொடங்கிய அகில ராமஞ்ஞ மோன் சங்கம் மொழியையும் பண்பாட்டையும் பற்றித்தான் பேசிவந்தது. இதற்குப் பிறகுதான் அடுத்த தலைமுறை அரசியல் உரிமை கேட்டு எழுந்தது.

ஆயுதப் போராட்டம் எப்படிப் போனது?

1948இல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிலேயே மோன் தேசியப் பாதுகாப்பு அமைப்பு கரேன் படையோடு சேர்ந்து மௌலமைனைச் சில நாள் கைப்பற்றிவைத்திருந்தது. பத்து வருடப் போருக்குப் பிறகு, 1958இல் மோன் மக்கள் முன்னணி ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு ஜனநாயக வழிக்குத் திரும்பியது. அதை ஏற்காத நை ஷ்வே கியின் அதே ஆண்டு ஜூலையில் புதிய மோன் அரசுக் கட்சியைத் தொடங்கினார். 1971இல் அதன் படைப்பிரிவு மோன் தேசிய விடுதலைப் படை என்று அமைந்தது.

இந்தப் போரின் இதயம் மூன்று பகோடாக் கணவாய். தாய்லாந்து எல்லையில் சரக்குப் போக்குவரத்தும் வரி வசூலும் நடந்த இடம். 1988இல் அந்த வருமானத்துக்காகக் கரேன் படையும் மோன் படையும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. இரு தரப்புக்கும் எதிரி ஒன்று என்று தெரிந்தும் நடந்த அந்தச் சண்டை எனக்கு இன்றும் ஆறவில்லை. 1990 பிப்ரவரியில் ராணுவம் கணவாயைப் பிடித்துக்கொண்டது.

அதன்பின் நெருக்கடி இரண்டு பக்கமிருந்தும் வந்தது. யே நகரிலிருந்து தவோய் வரை 160 கிலோமீட்டர் ரயில்பாதை போட ராணுவம் ஊர் ஊராக ஆட்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தது. அதே பகுதி வழியாக யடானா எரிவாயுக் குழாய் தாய்லாந்துக்குப் போகவிருந்தது. வியாபாரத்துக்கு அமைதி வேண்டும் என்று தாய்லாந்தும் அழுத்தியது. 1994 ஜூலையில் ஹலோக்கானி அகதி முகாமை பர்மிய ராணுவம் தாக்கியது. எல்லை தாண்டி ஓடிவந்த மக்களைத் தாய்லாந்து அதிகாரிகள் அரிசியை நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். 1995 ஜூன் 29இல் கட்சி போர்நிறுத்தம் செய்தது. தோற்று அல்ல, மூச்சுமுட்டி என்பதுதான் சரி.

1974இல் மோன் மாநிலம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

பெயர்ப்பலகை கிடைத்தது. ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியின் அரசியல் சட்டம் வரைபடத்தில் மோன் மாநிலம் என்று ஒரு கோடு போட்டது. பள்ளியில் எந்த மொழி, நிலத்தை யாருக்குக் கொடுப்பது, வரிப்பணம் எங்கே போகும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எதுவும் அதோடு வரவில்லை. 2008 அரசியல் சட்டத்திலும் மாநில முதலமைச்சரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர்தான்.

2017இல் நடந்த பாலம் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். மௌலமைனுக்கு எதிரே சால்வின் முகத்துவாரத்தில் பிலு கியூன் என்ற பெரிய தீவு இருக்கிறது. அதுவரை படகுதான் வழி. பாலம் கட்டி முடித்ததும் தீவு மக்களுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஆனால் ஆங் சான் சூ கீயின் கட்சி ஆட்சி, அதற்கு ஜெனரல் ஆங் சான் பெயரை வைக்க முடிவெடுத்தது. ஆற்றின் பெயரோ ஊரின் பெயரோ வையுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். மார்ச் மாதம் ஆயிரக்கணக்கானோர் மௌலமைன் தெருக்களில் திரண்டார்கள். நாடாளுமன்றம் அசரவில்லை, ஆங் சான் பெயரையே உறுதிசெய்தது. ஏப்ரல் 1இல் அந்தத் தீவின் சாங்சோன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் நாடெங்கும் அமோகமாக வென்ற கட்சி அங்கே தோற்றது.

பெயரில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். தன் ஊர்ப் பாலத்துக்குப் பெயர் வைக்கும் உரிமைகூட இல்லாத மாநிலத்துக்கு மாநிலம் என்று எப்படிச் சொல்வது?

மோன் மொழியை யார் காப்பாற்றினார்கள்?

முதலில் பிக்குகள். கோடை விடுமுறையில் பள்ளிகள் மூடியதும் மோன் ஊர்களின் மடாலயங்களில் எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கும். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து மோன் எழுத்தும் பௌத்த ஒழுக்கமும் படிப்பார்கள். ராணுவ ஆட்சியின் கடுமையான காலத்திலும், மதப் பாடம் என்ற பேரில் இவை நடந்தன.

அடுத்து, புதிய மோன் அரசுக் கட்சி 1970களில் தொடங்கிய மோன் தேசியப் பள்ளிகள். அவற்றின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்வி. நடுநிலையில் மோனும் பர்மியமும் கலந்து வரும். மேல்நிலையில் பர்மியம். ஆகவே பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகம் போக வழி அடைபடவில்லை. ஒரு கெரில்லா அமைப்பு தன் பிள்ளைகளை நாட்டின் பொது வாழ்க்கையிலிருந்து வெட்டிவிடாமல் தாய்மொழியையும் கொடுக்க முயன்றது சாதாரண விஷயம் அல்ல. ஆசிரியர்கள் சொற்பச் சம்பளத்தில் இதைத் தாங்கினார்கள்.

தாய்லாந்து மோன்கள் எப்படி இருக்கிறார்கள்?

அங்கே பழைய மோன்களும் புதிய மோன்களும் உண்டு. பாங்காக் சுற்றுவட்டாரத்தின் கோ கிரெட் தீவில் மண்பாண்டம் செய்பவர்கள், பிரா பிரதாங்கில் சித்திரை ஆண்டுப் பிறப்பைத் தங்கள் முறையில் கொண்டாடுபவர்கள் எல்லாம் நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வாரிசுகள். தாய்லாந்து அரச குடும்பத்துக்கே மோன் வம்சத் தொடர்பு உண்டு. மோங்குட் மன்னர் பிக்குவாக இருந்தபோது மோன் பிக்குகளின் ஒழுக்கத்தைப் பார்த்துத்தான் தம்மயுத்த சங்கம் என்ற பிக்குகள் பிரிவை உருவாக்கினார். மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் மொழி பெரும்பாலும் போய்விட்டது.

புதியவர்கள் போருக்கும் வறுமைக்கும் தப்பி வந்தவர்கள். சமுத் சாக்கோனின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் இவர்கள் உழைப்பு நிறைய இருக்கிறது. எல்லையோரச் சங்கிளாபுரியில் லுவாங் போ உத்தமா என்ற மோன் பிக்குவின் முயற்சியில் எழுந்த நீளமான மரப்பாலம் இன்று சுற்றுலாத் தலம். 2013 வெள்ளத்தில் அது உடைந்து, மறு ஆண்டு சரிசெய்யப்பட்டது.

தமிழர்களுக்கும் மோன்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மோன் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. பர்மிய எழுத்து மோனிலிருந்து வந்தது என்பது அறிஞர்களிடம் பரவலான கருத்து. அந்த வட்டமான எழுத்துகளின் மூதாதை காஞ்சியில் இருக்கிறது.

மேலே சொன்ன 1476 இலங்கைப் பயணத்தில், திரும்பும் வழியில் ஒரு கப்பல் உடைந்தது. பிக்குகள் கரையேறி நாகப்பட்டினம் வந்து, அங்கே இருந்த பழைய பௌத்த விகாரை நிலத்தையும் புத்தர் உருவத்தையும் வணங்கினார்கள் என்று கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டு நாகையில் பௌத்தத்தின் மிச்சம் இருந்ததற்கு ஒரு மோன் மன்னரின் கல்வெட்டு சாட்சி சொல்கிறது.

இன்னொரு தொடர்பு வலி தருவது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து மூன்று பகோடாக் கணவாய் வழியாகத் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் போனது. தான்பியூசயாத் மோன் மாநிலத்தில் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாக அந்தப் பாதையில் செத்துவிழுந்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு அங்கே ஒழுங்கான கல்லறைத் தோட்டம் உண்டு.

மோன்கள் தனிநாடு கேட்கிறார்களா?

தொடக்க காலத்தில் அந்தக் குரல் வலுவாக இருந்தது. இன்று பெரும்பாலோர் கேட்பது கூட்டாட்சி: சொந்தச் சட்டமன்றம், சொந்தக் கல்வி, நிலத்திலும் வருமானத்திலும் உரிமை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய ராமஞ்ஞதேசத்தின் எல்லையை வைத்து இன்று நாடு கேட்க முடியாது. பெகுவில் மோன்கள் சிறுபான்மை. மோன் மாநிலத்துக்குள்ளேயே கரேன், பா-ஓ ஊர்கள் இருக்கின்றன, அவர்களுக்கும் கோரிக்கைகள் உண்டு.

2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

மோன் அரசியல் பிளந்தது. 2015 தேர்தலில் இரண்டு மோன் கட்சிகள் எதிரெதிரே நின்று ஓட்டைப் பிரித்துத் தோற்றன. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் மோன் ஒற்றுமைக் கட்சி. ஆனால் புரட்சி நடந்ததும் அதன் தலைவர்களில் ஒருவர் ராணுவத்தின் ஆட்சிக் குழுவிலேயே இடம் பெற்றார். இளைஞர்கள் பலருக்கு அது பெரிய துரோகமாகப் பட்டது. 2018இல் நாடு தழுவிய போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டிருந்த புதிய மோன் அரசுக் கட்சி, ராணுவத்தோடு பேச்சைத் தொடர்ந்தது. 2024 பிப்ரவரியில் அதிலிருந்து ஒரு பிரிவு வெளியேறி, "ராணுவச் சர்வாதிகார எதிர்ப்பு" என்ற அடைமொழியோடு தனியாகப் போரில் இறங்கியது. புதிதாக உருவான இளைஞர் படைகளும் களத்தில் இருக்கின்றன.

மூத்தவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. 1995இல் என்ன விலை கொடுத்து அந்தப் பள்ளிகளையும் ஊர்களையும் காப்பாற்றினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் இளைஞர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். 1995லிருந்து 2021 வரை கால் நூற்றாண்டு அமைதி காத்தும், மாநிலத்தின் கைக்கு ஒரு பாலத்தின் பெயர்கூட வரவில்லை. ராணுவம் ஒருநாள் இறங்கிப்போனால் புதிய அரசியல் சட்டம் எழுத எல்லா இனத்தவரும் உட்காருவார்கள். 1947இல் கூப்பிடவே இல்லை என்பதால் மோன்கள் அங்கே இல்லை. அடுத்த முறை கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம் வராமல் இருக்க, பிரிந்த அணிகள் இப்போதே ஒரு பொதுக் கோரிக்கையையாவது எழுதிவைக்க வேண்டும்.